பிரபுவின் எதிர்ப்பும் படியாளின் எதிர்ப்பும்



“தேசியத்தை எதிர்த்தவன்” என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று என்று நினைக்கிறவர்கள் நம் நாட்டில் நிறைய உண்டு. வெள்ளையனுக்கு வால் பிடித்தவன், நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் என்று ஆளைப் பாராமல், அவன் வயிற்றைப் பாராமல், எல்லார் நெற்றியிலும் ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறார்கள்.

1893-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அப்போது தேசியக் கிளர்ச்சியைக் கண்டு முகம் சுளித்தவர்களில் இரண்டு பேரை மட்டும் பார்ப்போம்.

ஒருவர் கல்கத்தா மாளிகையிலே வீற்றிருந்த வைசிராய், லான்ஸ்டவுன் பிரபு. அயர்லாந்தில் மட்டும் ஒரு லட்சத்து இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் உடையவர். அயர்லாந்துக்குச் சுயாட்சி என்ற பேச்சைக் கேட்டாலே கொதித்தெழும் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்.

மற்றொருவர் செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். ஏட்டில் இடமில்லாத மக்களுக்காக அந்த ஆண்டில் ஓர் ஏட்டைத் தொடங்கியவர். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இழிவு செய்ததோ, அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து, ‘பறையன்’ என்று நிமிர்ந்து நின்றது அந்த ஏடு. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கூடாது என்று தம் மக்களைத் திரட்டி மனுப் போட்டார் சீனிவாசன்.

இருவரும் எதிர்த்தார்கள். இருவரும் ஒன்றா?

தராசு வேண்டும். நான் சொல்லுகிற தராசு நிலம். அதிலே இருவரையும் வைத்துப் பார்ப்போம்.

அளந்தவன் கைக்குப் போன மண்

லான்ஸ்டவுன் வமிசத்தின் கதை அளவுச் சங்கிலியிலே ஆரம்பமாகிறது. 1649-இல் கிராம்வெல் படையோடு அயர்லாந்தில் இறங்கினான். வெட்டினான், வென்றான், மண்ணைப் பறித்தான். பறித்த மண்ணைச் சிப்பாய்களுக்கும், படைக்குப் பணம் போட்ட வியாபாரிகளுக்கும் பங்கு போட வேண்டும். பங்கு போடுவதற்கு முன் அளக்க வேண்டும். அந்த வேலையை ஏற்றவர் வில்லியம் பெட்டி என்ற மருத்துவர். 1655, 1656 ஆண்டுகளில் நாட்டையே அளந்து படமாக்கினார். வேலை முடிந்து கணக்குத் தீர்ந்தபோது, தென்மேற்கே கெர்ரி மாவட்டத்தில் பெரிய நிலப்பரப்பு அவர் கையிலேயே வந்து சேர்ந்திருந்தது! மகள் வழியாக அந்தச் சொத்து இறங்கி, லான்ஸ்டவுன் பிரபுக்களின் பிதிரார்ஜிதமாயிற்று.

நம் கதாநாயகர், ஐந்தாவது லான்ஸ்டவுன் பிரபு, 1845 ஜனவரியில் லண்டனில் பிறந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளில் கருநோய் விழுந்தது. உருளைக்கிழங்கே உணவாக வாழ்ந்த குத்தகைக் குடிகள் ஈசல்போல மடிந்தனர். சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறி ஓடினர். லண்டனிலே தொட்டில் ஆடியது. கெர்ரியிலே பாடை நகர்ந்தது.

அப்போது எஸ்டேட் அவருடைய பாட்டனார் வசம். அதைக் கவனிக்க வந்த ஏஜெண்டு வில்லியம் டிரெஞ்சு கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். கென்மேர் ஊரின் அனாதை விடுதியில் எஸ்டேட்டைச் சேர்ந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற செலவு வரியாக எஸ்டேட்டின் தலையில் விழும். கஞ்சி ஊற்றும் செலவைவிடக் கப்பல் கட்டணம் மலிவு என்று கண்டுபிடித்தார் டிரெஞ்சு. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். நியூயார்க் நகரின் குப்பத்திலே போய் விழுந்தார்கள் பலர். எஸ்டேட்டின் பேரேட்டில் பாரம் குறைந்தது.

இது நமக்குத் தெரியாத கதையா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வருகிறவர்கள் ஒரு நீண்ட கால்வாயைத் தாண்டி வருகிறார்களே, பக்கிங்காம் கால்வாய், அந்தப் பெயர் அதற்கு வந்தது அந்தப் பஞ்ச காலத்தில்தான். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசித்த கைகள் பஞ்ச நிவாரணக் கூலிக்கு வெட்டின. வெட்டியவன் பெயர் எங்கும் இல்லை. கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயர் நிலைத்துவிட்டது. செங்கற்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளைக் கேட்டால், கென்மேர்க் குடிகளின் கதையையே தமிழில் சொல்லியிருப்பார்கள்.

பிரபு ஏன் எதிர்த்தார்?

1866-இல், இருபத்தொரு வயதில், பட்டமும் பண்ணையும் லான்ஸ்டவுன் கைக்கு வந்தன. முதலில் லிபரல் கட்சிக்காரராகத்தான் இருந்தார். 1880-இல் கிளாட்ஸ்டன் மந்திரிசபையில் இந்தியா இலாகாவுக்குத் துணைச் செயலாளர் பதவி கிடைத்தது. பதவியேற்ற சில மாதங்களிலேயே ராஜினாமாக் கடிதம் நீட்டினார். என்ன காரணம்? இந்தியாவுக்கு அநீதி நடந்ததென்றா? இல்லை. விளைச்சல் பொய்த்துக் குத்தகை கட்ட முடியாமல் வெளியேற்றப்படும் ஐரிஷ் குடிகளுக்கு நஷ்ட ஈடு தரலாம் என்று கிளாட்ஸ்டன் ஒரு மசோதா கொண்டுவந்தார். குடியானவனுக்கு நஷ்ட ஈடா? நிலச் சொந்தக்காரனின் உரிமை என்னாவது? கட்சியைவிட, பதவியைவிடப் பண்ணை பெரிது என்று அன்றே காட்டிவிட்டார்.

அந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை குழிதோண்டிப் புதைத்தது. ஆனால் வெளியே புயல் கிளம்பிவிட்டது. 1879-இல் மைக்கேல் டேவிட் நிலச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். டேவிட் யார்? சிறு வயதிலேயே குடும்பத்தோடு குடிசையிலிருந்து துரத்தப்பட்டவர். பஞ்சாலையில் வேலை செய்து ஒரு கையை இழந்தவர். மண் உழுதவனுக்கே என்றது அவர் இயக்கம். 1880-இல் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் ஏஜெண்டாக இருந்தவனுக்கு அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, முகம் கொடுத்துப் பேச ஊரில் ஒருவரும் இல்லை என்று செய்தார்கள். அந்த ஏஜெண்டின் பெயர் கேப்டன் பாய்காட். தொழிற்சங்கத் தோழர்களின் வாயிலே புரளுகிற ‘பாய்காட்’ என்ற சொல் அந்த ஆளின் பெயர்தான்!

லான்ஸ்டவுன் கனடாவின் கவர்னர் ஜெனரலாகப் போனது 1883-இல். அவர் அங்கே விருந்துண்டு கொண்டிருந்த காலத்தில் அயர்லாந்தில் தானிய விலையும் மாட்டு விலையும் விழுந்தன. லக்கக்கரன் என்ற ஊரிலே அவருடைய குடிகள் குத்தகையைக் குறைக்கச் சொன்னார்கள். கேட்ட அளவு குறைக்கப்படவில்லை. குடிகள் ஒன்றுசேர்ந்து, குத்தகைப் பணத்தைப் பொது நிதியிலே போட்டு உறுதியாக நின்றார்கள். 1887-இல் போலீஸ் காவலோடு வெளியேற்றம் நடந்தது. அடுப்பு அணைந்தது, கதவு அடைத்தது, குடும்பங்கள் சாலைக்கு வந்தன. ஐரிஷ் தலைவர் வில்லியம் ஓப்ரியன் கடல் கடந்து கனடாவுக்கே போனார்; உங்கள் கவர்னர் ஜெனரல் எங்கள் ஊரில் என்ன செய்கிறார் தெரியுமா என்று மேடையேறி முழங்கினார். டொரண்டோவிலே அவரைக் கும்பல் தாக்கியது. பிரபுவின் பதவிக்கோ ஒரு கீறலும் விழவில்லை. அடுத்த ஆண்டே, 1888-இல், இந்தியாவுக்கு வைசிராயாக உயர்த்தி அனுப்பினார்கள். சொந்தக் குடிகளைச் சாலையில் நிறுத்தியவருக்குப் பல கோடிக் குடிகள் பரிசு!

அவரைப் பூதம் என்று வரைந்து காட்ட நான் முயலவில்லை. பண்பாகப் பேசுவார், கடுமையாக உழைப்பார். பிற்காலத்தில், முதல் உலகப் போரில் ஒரு மகனைப் பறிகொடுத்த பின்பு, போதும் இந்தப் படுகொலை, சமாதானம் பேசுங்கள் என்று 1917-இல் பகிரங்கக் கடிதம் எழுதி, சொந்தக் கட்சியாரிடமே வசை வாங்கினார். அதற்கும் துணிவு வேண்டும். ஆனால் தோழர்களே, ஒரு மனிதன் எவ்வளவு நல்லவன் என்பது, அவன் சொத்துக்கு ஆபத்து வராத இடத்தில் தெரிவதில்லை. நிலம் என்று வந்தபோது அவர் அசையவில்லை. 1916-இல் ஐரிஷ் சுயாட்சிக்கு ஒரு சமரசம் கைகூடும்போல் இருந்தது; அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் இவர்.

பிரபுக்களின் பரம்பரை

இவர் ஒருவர்தானா? எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. எத்தனையோ தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படித்து ஆளாகியிருக்கிறார்கள். அந்தக் கன்னிமாரா பிரபு 1886 முதல் 1890 வரை சென்னை கவர்னர். அயர்லாந்தின் மேயோ பிரபுவின் மகன். கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் பஞ்சம் நக்கிப்போட்ட பிரதேசத்தின் பெயர். அவருடைய அண்ணன் மேயோ பிரபு 1869 முதல் வைசிராய். 1872-இல் அந்தமானில் குத்துண்டு மாண்டார். லான்ஸ்டவுனுக்கு முந்திய வைசிராய் டஃபரின் பிரபு. அவரும் அயர்லாந்தில் நிலமுள்ள சீமான். காங்கிரஸ்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய சிறு கூட்டம் என்று 1888-இல் எள்ளி நகையாடியவர் அவரே.

ஆக, சில காலம் மேலே வைசிராய் ஒரு ஐரிஷ் பிரபு, இங்கே கவர்னர் இன்னொரு ஐரிஷ் பிரபு. இது தற்செயல் அன்று. பிறர் மண்ணில் குடியேறி, பிறர் உழைப்பில் வாழ்ந்து, பிறர் முணுமுணுப்பைப் போலீஸ் வைத்து அடக்கிப் பழகிய கைகள் அவை. அயர்லாந்திலே கட்டு அவிழ்ந்தால் இந்தியாவிலும் அவிழும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1891-இல் மணிப்பூரில் இளவரசர் திக்கேந்திரஜித்தைத் தூக்கிலிட்டது லான்ஸ்டவுன் ஆட்சி. காங்கிரஸ் சட்டத்துக்கு விரோதமான கட்சி அல்ல என்று ஒப்புக்கொண்டே, சர்க்கார் ஊழியர் அதில் சேரக் கூடாது என்று வேலியும் போட்டது.

இது பிரபுவின் எதிர்ப்பு. ஒரு லட்சம் ஏக்கரின் எதிர்ப்பு. இருப்பது போய்விடுமே என்ற அச்சத்தின் எதிர்ப்பு.

செங்கற்பட்டின் சேரியிலே

இனி நம் ஊருக்கு வருவோம். அங்கே அளவுச் சங்கிலி என்றேனே, இங்கேயும் அது உண்டு. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற இஞ்சினீயர் அதை ஊர் ஊராக அளந்தார். நிலம் யாருடையது என்று துரைமார்கள் கேட்டபோது, காணியாட்சிக்காரர்கள், அதாவது மிராசுதாரர்கள், எங்களுடையது என்றார்கள். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிய எல்லீஸ் துரை மிராசு உரிமை பற்றியும் விரிவாக எழுதினார். எல்லாம் எழுதப்பட்டன. ஏர் பிடித்த படியாளுக்கு என்ன உரிமை என்பதற்கு மட்டும் ஏட்டிலே இடம் போதவில்லை.

படியாள் என்றால் யார்? படி நெல்லுக்கு ஆள். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ மிராசுதாரனிடம் கடன் வாங்குவான்; கடன் தீரும்வரை உழைப்பான்; கடன் தீராது; மகன் ஏரைப் பிடிப்பான். 1843-இல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது; 1860-இன் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆனால் சேரியில் அவன் குடிசை நின்ற மனைக்கட்டும் மிராசுதாரனுடையது. வாய் திறந்தால் குடிசையைப் பிரி என்பான். கெர்ரியிலே போலீஸ் வந்து கதவை உடைத்தது. இங்கே அதுகூடத் தேவைப்படவில்லை.

தரிசு நிலத்துக்காவது மனுப் போடலாமா? தரக்காஸ்து விதியிலே பூட்டுப் போட்டிருந்தார்கள். சேரிக்காரன் தரிசுக்கு மனுக் கொடுத்தால், முதலில் மிராசுதாரனைக் கேட்பார்கள். எனக்கே வேண்டும் என்று அவன் சொன்னால் மனு போயிற்று. உழ ஆள் வேண்டுமே! ஆளுக்கு நிலம் வந்துவிட்டால் மிராசுக்கு ஆள் ஏது?

1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் இதையெல்லாம் எழுதினார். சேரி மக்கள் என்ன உண்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள், எத்தனை கடனில் எத்தனை தலைமுறை கட்டுண்டு கிடக்கிறது என்று அறிக்கையாக்கிச் சென்னை சர்க்கார் முன் வைத்தார். மனைக்கட்டு அவர்களுக்கே சொந்தமாகட்டும், தரிசு நிலத்தைக் கொடுங்கள், பள்ளிக்கூடம் வையுங்கள் என்றார். ஆடம் ஆண்ட்ரு போன்ற பாதிரிமார்களும் இதையே வற்புறுத்திக் கொண்டிருந்தார்கள். மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். ரெவினியூ அதிகாரிகளிலும் பலர் தலையைச் சொறிந்தார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் உத்தரவு பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலத்தைப் பத்தாண்டுவரை விற்கவோ ஒற்றி வைக்கவோ கூடாது. அதன் பின்பும் தாழ்த்தப்பட்டோருக்கு அன்றிப் பிறருக்கு மாற்றக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

லான்ஸ்டவுன் ஆட்சியில்தானே இது நடந்தது, அவருக்குப் புகழ் சேராதா என்று கேட்பவர் இருக்கலாம். லக்கக்கரன் குடிகளைக் கேட்டு வந்து சொல்கிறேன்! மண் கொடுத்தது பிரபுவின் கருணை அன்று. கண்ணால் கண்டதை மறைக்காமல் எழுதிய ஓர் அதிகாரியின் நேர்மை. விடாமல் கேட்டவர்களின் நச்சரிப்பு. கொடுத்ததும் தரிசு. யாருடைய மாளிகையும் குறைந்துவிடவில்லை.

காங்கிரஸ் மேடையும் கோழியாளத்துக் குரலும்

லான்ஸ்டவுன் நாடு திரும்பிய 1894-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் ஆல்பிரட் வெப். அவரும் அயர்லாந்துக்காரர், ஆனால் பிரபுவுக்கு நேர் எதிரணி. ஐரிஷ் சுயாட்சிக்காகப் பாடுபட்டவர், பாராளுமன்ற உறுப்பினர். ஒரே தீவிலிருந்து வந்த இருவர்: ஒருவர் ஆண்டார், ஒருவர் ஆளாதே என்றார். கேட்க இனிக்கிறது.

ஆனால் அந்தக் காலத்துக் காங்கிரஸ் நிலத்தைப் பற்றி என்ன கேட்டது? நிலவரியை நிரந்தரமாக நிர்ணயம் செய், இனிமேல் ஏற்றாதே என்று மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் போட்டது. நல்ல கோரிக்கைதான். யாருக்கு நல்லது? வரி கட்ட நிலம் வைத்திருப்பவனுக்கு. நிலமே இல்லாத படியாளுக்கு நிலவரி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? ஐரிஷ் தேசியத்தில் டேவிட் இருந்தார். நிலத்தையும் நாட்டையும் ஒரே கயிற்றில் கட்டினார். நம் மேடையிலோ வக்கீல்களும் நிலச்சுவான்தார்களும் நிறைந்திருந்தார்கள். ஐரிஷ்காரர் வந்து தலைமை தாங்கினார். ஐரிஷ் நிலப் போர் கூட வரவில்லை. மாநாட்டிலிருந்து செங்கற்பட்டுச் சேரி ஏறத்தாழ முப்பத்தைந்து மைல். அந்தத் தூரத்தைக் கடக்கக் காங்கிரசுக்கு நெடுங்காலம் பிடித்தது.

இந்த நிலையில் சீனிவாசன் என்ன நினைத்திருப்பார்? ஐ.சி.எஸ். தேர்வு இங்கேயே நடந்தால் யார் எழுதுவார்கள்? பள்ளிக்கூடத் திண்ணையில் ஏற முடியாதவனா எழுதுவான்? மிராசுதாரன் வீட்டுப் பிள்ளை எழுதுவான். ஊரிலே ஆள்பவனே கச்சேரியிலும் ஆள்வான். மனுவை யாரிடம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் கிடைக்காதவன் எதிர்த்தான். 1930-இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தபோதும், அவர் சுமந்து சென்றது அந்தக் கேள்வியைத்தான்.

ஆகவே தோழர்களே, இரண்டு எதிர்ப்பும் ஒன்றல்ல. பிரபு எதிர்த்தது, தன்னிடம் இருக்கும் மண் குடியானவனுக்குப் போய்விடும் என்று. சீனிவாசன் எதிர்த்தது, வரப்போகும் சுயராஜ்யத்தில் தன் மக்களுக்கு ஒரு பிடி மண்ணும் வராது என்று. ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினார்; மற்றவர் வெளியே நின்று கதவைத் தட்டினார். சத்தம் இரண்டும் கதவுப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதால் இருவரும் ஒரே கட்சி ஆகிவிடுவார்களா?

கொடி மாறிய பிறகு

அயர்லாந்தில் பிரபுவின் கோட்டை சரிந்தது. 1903-இல் வந்த விண்டம் சட்டத்தின்படி சர்க்கார் கடன் கொடுத்துக் குத்தகைக் குடிகள் நிலத்தை வாங்கினார்கள். சில பத்தாண்டுகளில் பெரும்பகுதி நிலம் உழுதவர் கைக்குப் போயிற்று. 1922-இல், உள்நாட்டுப் போரின் நடுவில், கெர்ரியில் லான்ஸ்டவுனின் டெரீன் மாளிகையைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். 1927-இல் அயர்லாந்திலேயே கண்ணை மூடினார். நெருப்பு வைப்பது நியாயம் என்று நான் வாதாடவில்லை. காலத்திலே நியாயம் கிடைக்காத இடத்தில் நெருப்பு பேசத் தொடங்குகிறது என்பதைச் சொல்கிறேன்.

அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. குத்தகைக்காரன் உடைமைக்காரன் ஆனான். குத்தகைகூட இல்லாத கூலிக்காரன் கூலிக்காரனாகவே நின்றான். கொடியின் நிறம் மாறினால் மட்டும் போதாது என்று எச்சரித்த தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியை 1916-இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த எச்சரிக்கை நமக்கும் சேர்த்துத்தான்.

நமக்கும் 1947-இல் கொடி மாறியது. நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்தது. 1970-இல் வரம்பு இன்னும் குறைந்தது. ஆனால் 1892-இன் உத்தரவுப்படி கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே? தமிழகத்தில் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது. நிலத்தில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. கடனுக்கு எழுதி வாங்கியது, மிரட்டி எழுதி வாங்கியது, கைநாட்டு வைக்கத் தெரிந்தவனிடம் என்னவென்று சொல்லாமலே எழுதி வாங்கியது என்று வழிகள் பல.

செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டனர். அப்போது வைசிராய் இல்லை. ஐரிஷ் பிரபு இல்லை. யூனியன் ஜாக் இறங்கி நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. துப்பாக்கி மட்டும் இருந்தது. குண்டு பாய்ந்த மார்பும் அதே சேரியின் மார்பாக இருந்தது.

2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். மனைப் பிரிவு விளம்பரங்கள், விடுதிகள், மதில் சுவர்கள்! அன்று தரிசென்று தள்ளிய மண்ணுக்கு இன்று பொன் விலை. விலை ஏற ஏற, அது யாருக்கு ஒதுக்கிய மண் என்ற நினைவு மங்குகிறது. பல்லவன் செதுக்கிய பாறையைக் காக்க வேலி உண்டு, காவல் உண்டு, வேண்டியதுதான். பஞ்சமி நிலத்தைக் காக்க என்ன உண்டு?

நாம் உண்டு! கூட்டத்துக்குப் போகும் தோழன் அடுத்த முறை தாலுகா அலுவலகத்துக்கும் போகட்டும். தன் ஊரின் ‘அ’ பதிவேட்டைக் கேட்கட்டும். எந்தச் சர்வே எண்ணில் நிபந்தனைப் பட்டா கொடுத்தார்கள், இன்று சிட்டாவும் அடங்கலும் யார் பெயரில் நிற்கின்றன என்று ஒத்துப் பார்க்கட்டும். கொடுக்க மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மனுப் போடட்டும். தெரிந்ததைச் சேரியிலே உட்கார்ந்து படித்துக் காட்டட்டும். ஆக்கிரமித்தவன் நம் கட்சிக்காரனாக இருந்தாலும் பெயரைச் சொல்லட்டும். அங்கேதான் நம் கொள்கைக்குப் பரீட்சை. சொத்து என்று வந்ததும் கட்சியை உதறியவர் லான்ஸ்டவுன். அந்த வேலையை வேட்டி கட்டிக்கொண்டு நம்மில் எவரும் செய்துவிடக் கூடாது.

தேசியம் பேசுகிறவர் வரட்டும். அதை எதிர்க்கிறவரும் வரட்டும். இருவரிடமும் ஒரே கேள்வி கேட்போம்: உழுகிறவனுக்கு மண் உண்டா, இல்லையா? உண்டு என்று சொல்லி, அளந்து, பட்டாவைக் கையில் கொடுக்கிறவனே நாட்டுக்கு உரியவன். மற்றவன் எந்தக் கொடியைப் பிடித்தால் என்ன? அவன் கையில் இருப்பது கென்மேர் ஏஜெண்டின் பேரேடுதான்.